பசியை மறந்த பன்றி

செல்லமாக வளர்க்கும் பன்றிக்கு வரும் சின்ன உபாதைகளை எப்படிக் கண்டுகொள்வது? எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்?

கொல்கத்தாவின் தெற்கில், ரவீந்திர சரோவர் ஏரிக்குப் பக்கத்தில், பஜ்பஜ் போகும் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது லேக் கார்டன்ஸ். மாடிக் குடியிருப்புகளும் குறுகிய சந்துகளும் நெருக்கமாக அமைந்த பகுதி. அங்கே ஒரு வீட்டு நாய் சோர்ந்து படுத்தால் யாரிடம் கொண்டுபோவது என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே தெருவில் ஒருவர் பன்றி வளர்த்து, அது ஒரு நாள் காலையில் தட்டைப் பார்க்காமல் மூலையில் போய் நின்றால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இருக்காது. கால்நடை மருத்துவத்துக்கென 1893-ல் தொடங்கிய வங்காளக் கால்நடைக் கல்லூரி நகரின் வடகோடியில், பெல்காச்சியாவில் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் விலங்கு மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமும் இன்று அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. லேக் கார்டன்ஸிலிருந்து அங்கே போக ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். அறுபது கிலோ பன்றியை மே மாத வெயிலில் வண்டியில் ஏற்றி அந்தத் தூரம் கொண்டுபோவதே அதற்கு ஒரு நோய்தான்.

சென்னை, கோவை, பெங்களூரு நிலைமையும் இதேதான். நகரத்து மருத்துவமனைகள் நாய்க்கும் பூனைக்கும் பழகியவை. பன்றி மருத்துவம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பண்ணைகளையும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளையும் சார்ந்தே இருக்கிறார்கள். ஆகவே செல்லப் பன்றியின் நலம், அதற்கு நாள்தோறும் சோறு வைக்கும் கையை நம்பியே இருக்கிறது. வைத்தியம் பார்ப்பது அந்தக் கையின் வேலை அல்ல. சரியான நேரத்தில் கவனிப்பதும், ஆபத்தில்லாத சில காரியங்களை மட்டும் செய்வதும், அதற்கு மேல் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுவதும்தான் அதன் வேலை. இந்த மூன்றும் தெரிந்த வீட்டில் சின்ன நோய் சின்னதாகவே முடிந்துவிடும்.

தட்டுதான் முதல் பரிசோதனை

பன்றி உணவில் ஆர்வம் குறையாத பிராணி. பாத்திரச் சத்தம் கேட்டதுமே ஓடி வரும். அப்படிப்பட்டது ஒரு வேளை உணவை முழுவதுமாக ஒதுக்கினால், "அடுத்த வேளை சாப்பிடும்" என்று விட்டுவிடக் கூடாது. அன்றே கவனிக்க வேண்டும். இரண்டாவது வேளையும் ஒதுக்கினால் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். கருத்தடை செய்யாத பெண் பன்றிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும்போது அது எரிச்சலாகத் திரியும், சாப்பாட்டையும் குறைத்துக்கொள்ளும். காலண்டரில் தேதியைக் குறித்து வைத்தால் இதைப் புரிந்துகொள்வது எளிது.

தட்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை நிற்கும் விதமும் படுக்கும் விதமும். முதுகை வளைத்து நிற்பது, தலையைத் தொங்கப் போடுவது, பல்லைக் கடிப்பது எல்லாம் வலியின் அடையாளங்களாக இருக்கலாம். வெயில் நாளிலும் போர்வைக்குள் புகுந்து நடுங்கினால் காய்ச்சலாக இருக்கலாம். தூக்கினாலோ இறுக்கிப் பிடித்தாலோ போடும் காதைப் பிளக்கும் அலறலை மட்டும் வலி என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கால் தரையைவிட்டு எழும்பினால் நல்ல திடமான பன்றியும் அப்படித்தான் கத்தும். உண்மையாகவே நோவில் இருக்கும் பன்றி பல நேரம் சத்தமே போடாது.

வளர்ந்த பன்றியின் உடல் வெப்பம் பொதுவாக 101 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். தொப்பைப் பன்றி போன்ற சிறு வகைகளில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருப்பதுண்டு. அதனால் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே சில நாள் அளந்து, உங்கள் பன்றியின் இயல்பு அளவைக் குறித்து வையுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் வைக்க வேண்டும். வயிற்றைத் தடவிக் கொடுத்தால் பெரும்பாலான பன்றிகள் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். அந்தப் பழக்கத்தைக் குட்டியிலிருந்தே ஏற்படுத்தினால் காய்ச்சல் பார்க்கவும், குளம்பைத் தொடவும், காதுக்குள் எட்டிப் பார்க்கவும் சண்டை போட வேண்டியிருக்காது. வெப்பம் 104-ஐத் தொட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இயல்பைவிட மிகவும் இறங்கி, உடல் சில்லிட்டுச் சோர்ந்திருந்தாலும் அப்படியே.

வயிற்றுத் தொல்லைகள்

வீட்டுப் பன்றிகளுக்கு அடிக்கடி வருவது மலச்சிக்கல். நடமாட்டம் குறைவு, நார்ச்சத்துக் குறைவு, தண்ணீர் குறைவு என்று மூன்று காரணங்களும் மாடிக் குடியிருப்பில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கொல்கத்தாவில் டிசம்பர், ஜனவரியில் குளிர் இறங்கும்போது பன்றி தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும். புழுக்கை காய்ந்து உருண்டையாக விழும், முக்கி நிற்கும். வேகவைத்த பரங்கிக்காய், பழுத்த பப்பாளி, கீரை ஆகியவற்றைக் கொடுக்கலாம். குடிதண்ணீரில் கொஞ்சம் பழச்சாறு கலந்தால் கூடுதலாகக் குடிக்கும். காலையிலும் மாலையிலும் நடக்க விடுங்கள். வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. கத்தும் பன்றியின் வாயில் ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். மலச்சிக்கல் தீருவதற்குப் பதிலாகப் பன்றிக்கு நிமோனியா வந்து நிற்கும்.

ஆண் பன்றி முக்கினால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். மலத்துக்கு முக்குகிறதா, சிறுநீருக்கு முக்குகிறதா? காயடித்த ஆண் பன்றிகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்வதுண்டு. பார்க்க மலச்சிக்கல் போலவே இருக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும், வராமலே போனாலும் அது அவசரச் சிகிச்சைக்குரியது. பரங்கிக்காய் கொடுத்துக் காத்திருக்கும் நேரம் அது இல்லை.

கழிச்சல் பெரும்பாலும் தீவனத்தைச் சட்டென்று மாற்றுவதால் வருகிறது. புதுத் தீவனத்தை ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகப் பழையதோடு கலந்து மாற்ற வேண்டும். வளர்ந்த பன்றி சுறுசுறுப்பாக இருந்து, சாப்பிடவும் செய்தால் ஒரு நாள் எளிய உணவும் நிறையத் தண்ணீரும் போதும். குட்டிக்குக் கழிந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறிய உடலில் நீர் வேகமாக வற்றிவிடும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலும் வயது பார்க்காமல் ஓட வேண்டும்.

நம் சமையலறையின் உப்பு

தமிழ் வீட்டிலும் வங்காளி வீட்டிலும் மீந்ததைப் பிராணிக்கு வைக்கும் வழக்கம் உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாம்பார் அடி எல்லாமே உப்பு மிகுந்தவை. உப்பு மிகுந்த உணவும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்றுசேர்ந்தால் பன்றியின் மூளை வீங்கும். மொட்டை மாடித் தொட்டி காலியாகி, வீட்டார் வெளியூர் போய், குடிகலம் ஒரு நாள் முழுக்க வறண்டு கிடந்தால் உப்பு அதிகம் கொடுக்காமலே இந்த நிலை வரலாம். பன்றி சுவரில் தலையை அழுத்தும், வட்டமிட்டுச் சுற்றும், கண் தெரியாததுபோல் முட்டிக்கொள்ளும், வலிப்பு வரும்.

இங்கே பாசமே ஆபத்தாக முடிவதுண்டு. தாகத்தில் தவிக்கிறதே என்று வாளி நிறையத் தண்ணீர் வைத்தால், சட்டென்று ஏறும் நீர் மூளை வீக்கத்தை மேலும் கூட்டிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதற்கிடையே மருத்துவரைத் தொடர்பு கொள்ள வேண்டும். இதைத் தவிர்க்கும் வழி மிகவும் எளியது. கவிழ்க்க முடியாத கனமான இரண்டு கலங்களில் தண்ணீர் வையுங்கள். வெளியே கிளம்பும்போது இரண்டையும் ஒருமுறை பாருங்கள்.

புழுக்கத்தில் மூச்சு

பன்றிக்கு உடலைக் குளிர்விக்கும் அளவுக்கு வியர்வை சுரப்பதில்லை. சேற்றில் புரள்வது அதன் இயல்பான குளிர்பதன வசதி. கொல்கத்தாவின் ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் பெரிய தொல்லை. சென்னைக்காரர்களுக்கு இந்தப் புழுக்கம் புதிதில்லை. கொழுத்த பன்றிக்கு இது இன்னும் கடினம். வாயைத் திறந்து இரைப்பது, நுரை தள்ளுவது, தள்ளாடுவது எல்லாம் வெப்பத் தாக்கின் அறிகுறிகள்.

நிழலுக்குக் கொண்டுவந்து, மின்விசிறியைப் போட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடலையும் காதுகளையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சிறிது தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வெயில் மாதங்களில் குழந்தைகள் குளிக்கும் ரப்பர் தொட்டி ஒன்றை பால்கனியின் நிழலில் வைத்தால் பாதிப் பிரச்சினை வராமலே போகும். நடையை விடிகாலைக்கும் இருட்டிய பிறகும் மாற்றுங்கள். குளம்பு வெட்டுவது, ஊசி போடுவது போன்ற போராட்டங்களை மதிய வெயிலில் வைத்துக்கொள்ளவே கூடாது.

தோலும் குளம்பும்

செல்லப் பன்றியின் தோல் வறண்டு பொடுகாக உதிர்வது பெரும்பாலும் இயல்பானது. ஆண்டுக்கு ஒருமுறை முடி கொத்துக் கொத்தாக உதிர்வதும் அப்படித்தான். ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். கடுகெண்ணெய் எரிச்சல் தரலாம், அதை விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவியபடி வெயிலில் விடாதீர்கள். வெளுத்த பன்றியின் தோல் வெயிலில் வெந்து சிவந்துவிடும்.

உடல் முழுவதும் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தால், காதோரத்திலும் காலிடுக்கிலும் தோல் தடித்துப் பொருக்கு விழுந்தால், அது சொறி. கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. வீட்டாருக்கும் சில நாள் அரிப்பு வரலாம். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்து மருத்துவர் மருந்து கொடுத்தால் முழுமையாகக் குணமாகிவிடும். தோலில் சாய்சதுர வடிவில் சிவந்து, தொட்டால் மேடாகத் தெரியும் தடிப்புகள் வேறு கதை. எரிசிபெலாஸ் என்னும் பாக்டீரியா நோயின் முத்திரை அது. காய்ச்சலும் கூடவே வரும், இதயத்தையும் மூட்டுகளையும் தாக்கும். காலத்தில் பென்சிலின் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கும். ஆகவே தோலில் அந்த வடிவத்தைப் பார்த்தால் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

தரையையும் யோசிக்க வேண்டும். பழைய கொல்கத்தா வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரை பார்க்க அழகானது, பன்றியின் குளம்புக்கோ ஆபத்தானது. வழுக்கி விழுந்து கால் விரிந்தால் மூட்டு போய்விடும். நடமாடும் இடங்களில் ரப்பர் விரிப்பு போடுங்கள். சொரசொரப்பான தரையில் நடக்காத பன்றியின் குளம்பு நீண்டு வளைந்து, நடையையே மாற்றிவிடும். ஆண்டுக்கு ஓரிரு முறை திருத்த வேண்டியிருக்கும். லேசாக நொண்டினால் முதலில் குளம்பின் அடியைப் பாருங்கள். கல், வெடிப்பு, வீக்கம், சூடு ஏதாவது தெரியும். ஒரு நாள் ஓய்விலும் நொண்டல் குறையாவிட்டால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

காதில் பழுப்பு நிற அழுக்கு சேர்வதும், கண்ணோரம் பழுப்புக் கோடு படிவதும் பெரும்பாலும் கவலைப்படத் தேவையில்லாதவை. காதுக்குள் தண்ணீர் மட்டும் விட வேண்டாம். தலையைச் சாய்த்தபடியே நடந்தாலோ, காதில் நாற்றம் அடித்தாலோ காட்டுங்கள்.

உடனே கூப்பிட வேண்டிய பத்து

1. தொடர்ந்து இரண்டு வேளை உணவை மறுத்தல்
2. காய்ச்சல் 104 டிகிரி அல்லது அதற்கு மேல்
3. வாயைத் திறந்து மூச்சிரைத்தல், உதடும் காதும் நீலம்பாரித்தல்
4. சிறுநீர் வராமல் முக்குதல்
5. இரண்டு நாளாக மலம் கழிக்காமை, வயிறு உப்புதல்
6. ரத்தக் கழிச்சல், ஓயாத வாந்தி
7. வலிப்பு, தள்ளாட்டம், வட்டமிட்டுச் சுற்றுதல்
8. சாய்சதுரத் தடிப்புகள், அல்லது காதும் வயிறும் செந்நீலமாக மாறுதல்
9. எழுந்து நிற்க முடியாமை
10. குட்டிக்கு எந்தக் கழிச்சலும்

மருந்துப் பெட்டியில் என்ன இருக்கலாம்?

தெர்மாமீட்டர், உப்புக்கரைசல், கிருமிநாசினி, பஞ்சு, சுத்தமான துணி, ஊசியில்லாத சிரிஞ்சு, மருத்துவரின் எண், பன்றியின் தற்போதைய எடை. கடைசியாகச் சொன்னதுதான் பலர் வீட்டில் இருக்காது. எடை தெரியாமல் மருந்தின் அளவு சொல்ல முடியாது. தொலைபேசியில் பேசும்போது மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

மனிதருக்கான மாத்திரை பெட்டியில் இருக்கக் கூடாது. ஐபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் பன்றியின் இரைப்பையைப் புண்ணாக்கும். இரைப்பைப் புண் அதற்கு ஏற்கனவே எளிதில் வரக்கூடியது. நாய்க்கு எழுதிக் கொடுத்த மருந்தை எடைக்கேற்பக் கணக்குப்போட்டுக் கொடுப்பதும் அதே அளவு தவறு. குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் மருத்துவர் தரும் அட்டவணைப்படி நடக்கட்டும்.

வீட்டைத் தாண்டும் நோய்கள்

பன்றியின் சின்ன உபாதையைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: இது என் வீட்டோடு முடிகிற நோய்தானா?

2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக வடகிழக்கில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது வராது. ஆனால் பன்றிகளை ஏறத்தாழ முழுவதுமாக அழித்துவிடும். 2022-ல் அது வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இறந்தன. தொற்றுள்ள இறைச்சி கலந்த எச்சில் உணவு இந்த நோய் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. சாசேஜோ பன்றிக்கறியோ கலந்த மீதத்தை எந்தப் பன்றிக்கும் வைக்கக் கூடாது. கடும் காய்ச்சலோடு காதும் வயிறும் செந்நீலமானால் பன்றியை வெளியே கொண்டுபோகாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் பன்றியைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். பக்கத்து ஊரில் பத்துப் பன்றிகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம் ஒன்று காப்பாற்றப்படும்.

மூளைக்காய்ச்சல் விஷயத்தில் தமிழகத்துக்கும் வங்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல் வேலூர்ப் பகுதியில். அதன் முதல் பெரும் பரவல் 1973-ல் மேற்கு வங்கத்தின் பாங்குராவிலும் பர்தமானிலும் நிகழ்ந்தது. பன்றியின் உடலில் பெருகும் அந்தக் கிருமியைக் கொசு மனிதருக்குக் கொண்டுவருகிறது. வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோயின் அடையாளம் எதையும் காட்டாமலே இருக்கும். அதனால் பன்றி படுக்கும் இடத்துக்குக் கொசுவலை போடுவது அதற்கும் வீட்டாருக்கும் பாதுகாப்பு. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் பன்றிக்கும் வரும், நமக்கும் வரும். அந்த நீரில் பன்றியை இறக்காதீர்கள். உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்றால் பன்றியிடமிருந்து சில நாள் விலகி இருங்கள். மனிதரின் ஃப்ளூ பன்றிக்குத் தொற்றும்.

குட்டிக்கு முன்னால் மருத்துவர்

கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் இணையர் 2012-ல் குட்டிப் பன்றி ஒன்றைத் தத்தெடுத்தார்கள். சிறிதாகவே இருக்கும் "மினி" வகை என்று சொல்லித்தான் அவர்களிடம் கொடுத்தார்கள். எஸ்தர் என்று பெயரிட்ட அந்தப் பன்றி வளர்ந்து ஏறத்தாழ 300 கிலோ ஆனது. அவர்கள் அதைக் கைவிடவில்லை. வீட்டை விற்று, பண்ணை வாங்கி, 2023-ல் அது இறக்கும்வரை உடன் வைத்திருந்தார்கள். எல்லோராலும் அது முடியாது. "டீக்கப்" என்று விற்கப்படும் பன்றிகள் உண்மையில் வயது குறைந்த குட்டிகள்தான். நல்ல தொப்பைப் பன்றியே வளர்ந்தால் ஐம்பது, எழுபது கிலோ வரும், அதற்கு மேலும் போகும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடும். குட்டியாகவே வைத்திருக்க வயிற்றைக் காயப்போடுகிறவர்கள், நோயைத்தான் வரவழைக்கிறார்கள்.

பன்றியைப் பற்றிய அறிவு நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. அசாமின் ராணியில் பன்றிக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 2002 முதல் இயங்குகிறது. சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் வெண்பன்றிகளைப் பராமரித்து ஆராய்கிறது. வட வங்கத்துச் சிறு விவசாயிகள் கருநிற குங்ரூ இனப் பன்றிகளைத் தலைமுறைகளாக வளர்க்கிறார்கள். தமிழகத்திலும் பன்றி வளர்த்த குடும்பங்கள் உண்டு. எந்தப் பன்றி இன்றைக்குச் சரியில்லை என்பதைத் தொழுவத்தில் நுழைந்ததும் சொல்லிவிடும் கண் அவர்களுடையது. அவர்களை ஊர் ஒதுக்கி வைத்ததால் அந்தக் கண்ணின் அறிவும் ஏட்டுக்கு வரவில்லை. செல்லமாகப் பன்றி வளர்க்க ஆசைப்படும் நகரத்தார் முதலில் அவர்களிடம் போய்க் கேட்டுக் கற்க வேண்டும். அது கூச்சப்பட வேண்டிய காரியமே இல்லை.

லேக் கார்டன்ஸிலோ அடையாறிலோ பன்றிக்குட்டி வாங்க நினைக்கிறவர் விற்பவரைத் தேடுவதற்கு முன் நான்கு வேலைகளை முடிக்க வேண்டும். மாநகராட்சியிடமும் குடியிருப்புச் சங்கத்திடமும் அனுமதி கேட்க வேண்டும். பன்றியைப் பார்க்கச் சம்மதிக்கும் ஒரு கால்நடை மருத்துவரை நேரில் சந்தித்துப் பேச வேண்டும். இரவில் அழைத்தால் வருவாரா என்று கேட்க வேண்டும். வளர்ந்த பன்றியை ஏற்றிச்செல்லும் வண்டிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் குட்டியை வாங்காதீர்கள். நான்கும் கைகூடினால், தட்டை மறுக்கும் அந்த ஒரு காலையில் உங்கள் பன்றிக்கு ஆள் இருக்கும்.